பயிருக்கு விளக்குப் போடும் முன் ஜகதீஷ் சந்திர போஸை அறிந்துகொள்ளுங்கள்

சடையங்குப்பம் பக்கம் போனால் ஒரு புறம் கொசஸ்தலை ஆறு, மறு புறம் மணலியின் ஆலைகள். காற்றில் உப்பு, அனல் மின் நிலையங்களின் சாம்பல் தூசி. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வீட்டு வாசலில் தண்ணீர். இப்படிப்பட்ட ஊரில் நிலத்தை நம்பிக் கீரை போட முடியாதவர்கள், இருக்கிற தகர ஷெட்டிலோ மாடி அறையிலோ அடுக்குத் தட்டு வைத்து, எல்.இ.டி. விளக்கில் நாற்றும் கீரையும் வளர்க்கலாமா என்று யோசிப்பது இயல்பு. நீங்களும் அப்படி யோசிப்பவராக இருந்தால், கடன் வாங்கி விளக்கு வாங்கும் முன் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. செடிக்கு ஒளி என்ன செய்கிறது, மின்சாரம் என்ன செய்கிறது, ஒரு சிறு படிகம் மின்னோட்டத்தை எப்படி ஒரு பக்கமாக மட்டும் விடுகிறது என்று மூன்றையும் ஒரே ஆயுளில் ஆராய்ந்தவர் அவர். பெயர் ஜகதீஷ் சந்திர போஸ்.

பள்ளிப் பாடத்தில் தாவரங்களுக்கு உணர்ச்சி உண்டு என்று சொன்னவர் என்ற ஒரு வரியோடு அவரை விட்டுவிடுகிறோம். அவர் வேலை அதைவிடப் பெரியது. அதில் பாதி, இன்று நீங்கள் விளக்குக் கடையில் கேட்க வேண்டிய கேள்விகளோடு நேராகத் தொடர்புடையது.

கடன்பட்ட தந்தையின் மகன்

போஸ் 1858 நவம்பர் 30 அன்று அன்றைய வங்க மாகாணத்தில், இன்று வங்கதேசமாக இருக்கும் பகுதியில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் டாக்காவை அடுத்த விக்ரம்பூர். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி, பரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட். ஆங்கிலேய அரசில் அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள். இவர் தன் மகனை ஊரில் இருந்த வங்க மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் பையனுக்கு ஒரு பக்கம் அலுவலகச் சேவகரின் மகன், இன்னொரு பக்கம் மீனவரின் மகன். அவர்கள் வாயிலிருந்து கேட்ட பறவை, விலங்கு, நீர்ப்பிராணிக் கதைகள்தான் இயற்கையின் மேல் தனக்கு ஆசையை உண்டாக்கின என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

தந்தை ஊர் மக்கள் முன்னேற வேண்டும் என்று துடித்தவர். பரீத்பூரில் விவசாயப் பொருட்களுக்கும் கைத்தொழிலுக்கும் கண்காட்சி நடத்தினார். தொழிற்பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். அஸ்ஸாமில் தேயிலை, நெசவு என்று பல முயற்சிகளில் பணம் போட்டார். நோக்கம் எல்லாம் நல்லது. வரவு செலவுக் கணக்கு மட்டும் ஒத்து வரவில்லை. கடன் ஏறியது. அந்தக் கடனை அடைக்கும் பொறுப்பு கடைசியில் மகன் தலையில் விழுந்தது. பூர்வீகச் சொத்தை விற்றும், சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் அவர் அடைத்தார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உள்ளரங்கச் சாகுபடியும் இப்படிப்பட்ட ஒரு முயற்சிதான். யோசனை நன்றாக இருக்கும். கணக்குப் போடாமல் இறங்கினால் வீட்டைத்தான் அசைக்கும்.

சம்பளம் வாங்காத மூன்று ஆண்டுகள்

கல்கத்தாவில் புனித சேவியர் கல்லூரியில் படித்து, 1880இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார் போஸ். ஏற்கெனவே பிடித்திருந்த காய்ச்சல் அங்கே விடாமல் வாட்டியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார். அங்கே ரேலீ பிரபுவிடம் இயற்பியலும், சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வினிடம் தாவரவியலும் கற்கும் வாய்ப்புக் கிடைத்தது. இந்த இரண்டு பாடமும் ஒருவர் தலைக்குள் சேர்ந்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் ஆனார். அப்போது ஒரே வேலைக்கு இந்தியருக்கு ஐரோப்பியரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். இவருடைய வேலை தற்காலிகம் என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று ஆண்டுகள் வகுப்பை ஒழுங்காக நடத்தினார், சம்பளத்தை மட்டும் கை நீட்டி வாங்க மறுத்தார். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கும் காலம் அது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முன்தேதியிட்டு முழுச் சம்பளத்தையும் கொடுத்தது.

இந்தக் கஷ்ட காலத்தில்தான், 1887இல், அபலா தாஸை மணந்தார். அபலாவுக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் இல்லாத நேரத்தில், 1882இல் வங்க அரசின் உதவித்தொகையோடு சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்காமல் திரும்ப நேர்ந்தது. பின்னாளில் வங்கத்தில் பெண் கல்விக்காக நிறையப் பள்ளிகளைத் தொடங்கினார்.

தகர வேலைக்காரரும் ஒரு படிகமும்

36ஆவது பிறந்த நாளில், 1894இல், இனி ஆராய்ச்சிதான் என்று போஸ் முடிவு செய்தார். கல்லூரியில் ஆய்வகம் கிடையாது. குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறையை ஒதுக்கிக்கொண்டார். கருவி செய்து தர ஒரு தகர வேலைக்காரர் இருந்தார். அவருக்கு அறிவியல் பயிற்சி எதுவும் இல்லை. போஸ் வரைந்து காட்டுவார், அவர் தட்டி வளைத்துக் கொடுப்பார். அந்தக் கருவிகளில்தான் சுமார் 5 மில்லிமீட்டர் அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். சணல் நாரை முறுக்கிக் கட்டி அலையைத் திருப்புவதற்குப் பயன்படுத்தினார். தடிமனான ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத் தாள் வைத்து அதையும் கருவியாக்கினார். கையில் இருப்பதைக் கொண்டு வேலையை முடிப்பது, ஆனால் அளவில் துளியும் தவறாமல் முடிப்பது, இதுதான் அவர் பழக்கம்.

1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் லெப்டினன்ட் கவர்னர் முன்னிலையில், கம்பி இல்லாமல் அலையை அனுப்பி, சுவரைத் தாண்டி மணியை அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்தார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதை விளக்கிப் பேசினார்.

அலையைப் பிடிக்க அவர் பயன்படுத்தியவற்றில் ஒன்று கலீனா. ஈயத் தாதுவின் படிகம் அது. அதன் மேல் ஓர் உலோக முனையைத் தொட வைத்தால் அலையையும் ஒளியையும் அது உணர்ந்தது. இந்தக் கருவிக்கு 1901இல் அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போனது. 1904இல் கிடைத்தது. போஸுக்கு அதில் விருப்பம் இல்லை. சகோதரி நிவேதிதையும், அமெரிக்கத் தோழி சாரா புல்லும் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டார். அந்தக் காப்புரிமையை வைத்து அவர் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை.

இன்று குறைகடத்தி என்று சொல்கிற பொருட்களைக் கருவியில் பயன்படுத்தி வாங்கிய ஆரம்பக் காப்புரிமைகளில் அது முன்னிற்கிறது. நீங்கள் வாங்கப் போகும் எல்.இ.டி.யும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் படிகம், அப்படி விடும்போது ஒளியைத் தருகிறது. 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் நல்ல நீல எல்.இ.டி. வந்த பிறகுதான் வெள்ளை விளக்கும் பயிர் விளக்கும் சாத்தியமாயின. அதற்காக 2014இல் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று. எல்.இ.டி. நேராக 230 வோல்ட்டில் எரியாது. நடுவே டிரைவர் என்ற பெட்டி இருக்கிறது. அதுதான் வீட்டு மின்சாரத்தைப் படிகம் தாங்கும் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. மலிவு விளக்குகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் இந்த டிரைவர்தான். வாங்கும்போது டிரைவருக்குத் தனி உத்தரவாதம் உண்டா, அதை மட்டும் மாற்ற முடியுமா, ஈரம் புகாத ஐ.பி.65 தரமா என்று கேளுங்கள். உப்புக்காற்று வீசும் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இது மிக முக்கியம்.

செடியின் பக்கம் திரும்பினார்

அலையைப் பிடிக்கும் படிகம் தொடர்ந்து வேலை செய்தால் சோர்ந்து போவதையும், ஓய்வு கொடுத்தால் மீள்வதையும் போஸ் கவனித்தார். உயிருள்ள தசையும் அப்படித்தானே செய்கிறது என்ற கேள்வி எழுந்தது. செடியைச் சோதித்தார். தொட்டாற்சிணுங்கி மட்டும் அல்ல, முட்டைக்கோஸ், கேரட் போன்ற சாதாரணக் காய்கறிச் செடிகளும் தூண்டினால் மின் துடிப்பைக் காட்டின. 1901 மே மாதம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதை எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினார். அடுத்த மாதம் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தபோது, அங்கிருந்த பெரிய உடலியல் அறிஞர்கள் இயற்பியல்காரர் தங்கள் துறைக்குள் வரக்கூடாது என்பது போல எதிர்த்தார்கள். கட்டுரை அச்சாகவில்லை. போஸ் விடவில்லை. செய்து முடித்ததையெல்லாம் நூல்களாக எழுதினார். 1902, 1906, 1907 என்று அடுத்தடுத்து வந்தன.

செடி வளர்வதை நேரில் பார்க்க அவர் செய்த கருவி கிரெஸ்கோகிராப். செடியின் நுண்ணிய வளர்ச்சியை ஆயிரக்கணக்கான மடங்கு, பிறகு ஒரு கோடி மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டியது. உரம் போட்டால், வெப்பம் கூடினால், ஒளி மாறினால் வளர்ச்சி கூடுகிறதா குறைகிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்தது. 1920இல் லண்டனில் இதன் மேல் சந்தேகம் கிளப்பினார்கள். அங்கேயே கல்லூரி ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். கருவி சரி என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். ஒருகாலத்தில் அவருடைய கட்டுரையை அச்சிட மறுத்த அதே சபை.

பரீத்பூர் ஈச்ச மரம்

அவர் சிறு வயதில் இருந்த பரீத்பூரில் ஒரு ஈச்ச மரம் இருந்தது. சாயங்காலம் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் மரம் குனிந்து தலையைத் தரையில் வைக்கும், காலையில் நிமிரும். மரம் சாமி கும்பிடுகிறது என்று ஊரே நம்பியது, நோயாளிகள் வந்து வழிபட்டார்கள். போஸ் அங்கே தானாகப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்தினார். இரவும் பகலும் மரத்தின் அசைவையும் வெப்பநிலையையும் ஒன்றாகப் பதிந்தார். வெப்பம் கூடக்கூட மரம் தாழ்ந்தது, குளிர்ந்தால் உயர்ந்தது. பகல் வெப்பத்தின் விளைவு தாமதமாகி மாலையில் முழுதாகத் தெரிந்தது. காரணம் வெப்பநிலைதான் என்று பதிவு காட்டியது.

பயிர் அறையில் உங்களுக்கு வரப்போகும் முதல் தலைவலியும் வெப்பம்தான். இலை வாடினால் ஒளி போதவில்லை என்று நினைத்து இன்னொரு விளக்கைச் சேர்ப்பார்கள். அது இன்னும் சூட்டைக் கூட்டும். நல்ல எல்.இ.டி.யும் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் ஒளியாக்குகிறது. மீதி விளக்கிலேயே சூடாகிறது. இலையிலும் சுவரிலும் விழும் ஒளியும் கடைசியில் பெரும்பாலும் சூடாகவே மாறுகிறது. ஆக 400 வாட் விளக்கு மூடிய அறைக்குள் எரிந்தால், 400 வாட் அடுப்பு எரிவதாகவே கணக்கு வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இது பயிரை வேகவைத்துவிடும்.

வழி இருக்கிறது. விளக்கைப் பகலில் எரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாலை 5 மணிக்குப் போட்டு மறுநாள் காலை 9 மணிக்கு அணைத்தால் 16 மணி நேரம் கிடைக்கும். வெளியே குளிர்ந்திருக்கும் இரவில் சூடு எளிதில் வெளியேறும். பகலின் கடும் வெப்பத்தில் பயிர் இருட்டில் ஓய்வெடுக்கும். கூரைக்குக் கீழே தென்னங்கீற்றோ தெர்மாகோல் தட்டியோ அடியுங்கள். சூடான காற்று மேலே சேரும் என்பதால் வெளியேற்றும் விசிறி சுவரின் மேற்பகுதியில் இருக்கட்டும், உள்ளே வரும் வழி எதிர்ச்சுவரின் கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். உள்ளே வரும் வழியில் துணி வடிகட்டி போட்டால் சாம்பல் தூசி குறையும்.

குளத்துப் பாசியில் ஒளியை அளந்தார்

ஒளி படும் பச்சை இலைதான் பிராணவாயுவை வெளியிடுகிறது என்று 1779இல் நிறுவியவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். நிறமாலையில் சிவப்பும் நீலமும்தான் அதிகம் வேலை செய்கின்றன என்று 1880களில் ஜெர்மானியர் எங்கெல்மான் காட்டினார். போஸ் இதைத் துல்லியமாக அளக்க முனைந்தார். குளத்தில் கிடைக்கும் ஹைட்ரில்லா என்ற பாசிச் செடியைத் தண்ணீருக்குள் வைத்து, அது விடும் பிராணவாயுக் குமிழி ஒவ்வொன்றையும் தானே எண்ணிப் பதியும் மின் கருவியைச் செய்தார். ஒளி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். இதையெல்லாம் தொகுத்து 1924இல் ஒளிச்சேர்க்கை பற்றித் தனி நூல் வெளியிட்டார். கோடையில் ஹைட்ரில்லா வேறு விதமாக நடந்துகொள்வதை அவர் குறித்து வைத்திருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து, மக்காச்சோளம், கரும்பு போல இந்தச் செடியும் சில சூழலில் கரியமில வாயுவைச் சேர்க்கும் வேறு வழியைக் கையாள்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டபோது, போஸின் பழைய பதிவுகள் மறுபடியும் பேசப்பட்டன.

போஸ் ஒளியைக் கண்ணால் பார்த்து மதிப்பிடவில்லை, செடி செய்த வேலையால் அளந்தார். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் பளிச்சென்று தெரியும், அதனால் பளிச்சென்ற விளக்கு எல்லாம் பயிருக்கு நல்லது என்று சொல்ல முடியாது. பெட்டியில் போட்டிருக்கும் வாட், லூமன் அளவுகளை மட்டும் பார்க்காதீர்கள். பயிருக்கான அளவு மைக்ரோமோல். ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி விழுகிறது என்பதைக் கேளுங்கள். உச்சி வெயிலில் இது சுமார் 2,000. கீரைக்கும் நாற்றுக்கும் 200 அளவில் 16 மணி நேரம் கொடுத்தால் நன்றாக வரும்.

எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு விளக்கு

நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு ஒரு விநாடியில் சுமார் 2.5 மைக்ரோமோல் தரும். 200 தேவை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 80 வாட். ஓரத்தில் சிந்துவது, தூசியில் குறைவது எல்லாம் சேர்த்து 100 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு அடி நீளம், இரண்டரை அடி அகலம் உள்ள ஒரு தட்டு 10 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். ஒரு தட்டுக்கு 100 வாட். மலிவு விளக்கில் வாட்டுக்கு 1.5 மைக்ரோமோல்தான் வரும் என்றால், அதே ஒளிக்கு 160 வாட்டுக்கு மேல் எரிக்க வேண்டியிருக்கும். விளக்கில் மிச்சம் பிடித்த பணம் கரண்ட் பில்லில் போய்விடும்.

ஒரே பெரிய விளக்கை நடுவில் தொங்கவிட்டால் நடுவில் இலை கருகும், ஓரத்தில் செடி நெட்டையாக ஓடும். சிறு குண்டு விளக்கை இரண்டு மடங்கு உயரத்துக்குத் தூக்கினால் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால் தட்டின் நீளத்துக்கு ஓடும் நீள விளக்குகளை மூன்று, நாலு வரிசையாகப் பரப்பிப் போடுங்கள். ஓர வரிசைகள் விளிம்பை ஒட்டி இருக்கட்டும். பக்கச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே சிதறும் ஒளி திரும்பி வரும். நாலு மூலையிலும் நடுவிலும் ஒரே விதையைத் தூவி ஒரு வாரம் பாருங்கள். ஐந்து இடத்திலும் நாற்று ஒரே உயரத்தில் இருந்தால் ஒளி சமமாக விழுகிறது என்று பொருள். செலவில்லாத சோதனை இது.

ஊதா நிறத்தில் எரிந்தால்தான் பயிர் விளக்கு என்று கடையில் சொல்வார்கள். வெள்ளை எல்.இ.டி.யிலும் நீலமும் சிவப்பும் இருக்கின்றன. வெள்ளையில் இலையின் மஞ்சள், பூச்சி, நோய்ப் புள்ளி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஊதாவில் தெரியாது.

மின் இணைப்பு: உயிர் பிழைக்கும் விஷயம்

நாலு தட்டு என்றால் விளக்கு 400 வாட், விசிறி 50 வாட். மொத்தம் 450. இதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 2 ஆம்பியர். தரம் குறைந்த டிரைவரில் இது 4 ஆம்பியர் வரை போகலாம். சிறிய சுமைதான். ஆனால் தண்ணீர், உரக் கரைசல், உப்புக்காற்று, வெறுங்கால் எல்லாம் ஒரே அறையில் இருக்கின்றன. ஆபத்து அங்கேதான்.

* பயிர் அறைக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போட்டு வேலை நடத்தாதீர்கள்.
* எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் மாற்றுங்கள்.
* இரும்பு அடுக்கு, விளக்கின் உலோக உடல் இரண்டுக்கும் எர்த் கொடுங்கள். எர்த் குழி சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.
* விளக்குக்கும் விசிறிக்கும் தனித்தனி எம்.சி.பி. போடுங்கள். விளக்கு லைனில் கோளாறு வந்தாலும் விசிறி நிற்காது.
* விளக்குகள் ஒன்றாக எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் மின்னோட்டம் எகிறும். சிறு டைமரின் முனை அதில் ஒட்டிக்கொள்ளலாம். விளக்கு அதிகம் என்றால் டைமர் ஒரு காண்டாக்டரை இயக்கட்டும், காண்டாக்டர் விளக்கை இயக்கட்டும்.
* 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் வீட்டில் தண்ணீர் எந்த உயரம் நின்றது என்று சுவரில் அடையாளம் போடுங்கள். சுவிட்ச், பிளக், டிரைவர் எல்லாம் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும். வயர் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறிப் பிளக்கில் நுழையட்டும், அப்போது சொட்டும் நீர் வளைவிலேயே விழுந்துவிடும்.
* உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்து, தளர்ந்து, சூடாகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு முனைகளைத் துடைத்து இறுக்கச் சொல்லுங்கள். விளக்கின் மேல் படியும் தூசியையும் அப்போதே துடையுங்கள்.

பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின் இணைப்பிலிருந்து விளக்குக்கு இழுக்கக் கூடாது. உங்கள் தொழிலுக்கு எந்த வகை இணைப்பு, யூனிட் என்ன விலை என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. 400 வாட் 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 6.4 யூனிட். விசிறி முழு நாளும் ஓடினால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 456 யூனிட். ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 3,648 ரூபாய், நாளுக்குச் சுமார் 61 ரூபாய். 40 சதுர அடியில் ஓரடிக்கு இரண்டடித் தட்டம் 20 வைக்கலாம். ஒவ்வொன்றும் விளக்கடியில் 10 நாள் இருந்தால் தினமும் இரண்டு தட்டம் அறுவடைக்கு வரும். ஆக ஒரு தட்டத்துக்குக் கரண்ட் மட்டும் 30 ரூபாய். விதை, தென்னைநார்க் கழிவு, கூலி, விளக்கின் விலை எல்லாம் இதற்கு மேல். உங்கள் சந்தையில் ஒரு தட்டக் கீரைக்கு என்ன விலை கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். முளைக்கீரை, நாற்று, உணவகங்கள் கேட்கும் லெட்யூஸ் போன்றவற்றில் கணக்கு ஒத்து வரலாம். நெல்லோ பயறோ விளக்கில் ஒருபோதும் கட்டாது. அவற்றுக்குச் சூரியன் கூலி கேட்காமல் உழைக்கிறது. மாடியில் வெயில் விழுமானால் நிழல்வலையே போதும், விளக்கு வேண்டாம்.

அவர் சொன்னதில் நிற்காதவையும் உண்டு

போஸ் சொன்ன எல்லாமே நிலைத்துவிடவில்லை. செடிக்குள் நீர் மேலேறுவதற்கு உயிருள்ள செல்களின் துடிப்புதான் காரணம் என்ற அவருடைய கருத்தைத் தாவரவியல் ஏற்கவில்லை. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவைதான் முக்கியக் காரணம் என்பதே இன்றைய பாடம். செடிக்கு விலங்கு போலவே நரம்பு உண்டு என்றதிலும் கருத்து வேறுபாடு நீடித்தது. ஆனால் செடிக்குள் மின் சமிக்ஞை ஓடுகிறது என்பது உறுதியாகிவிட்டது. அவர் பெயரைச் சொல்லி, பாட்டுப் போட்டால் மகசூல் கூடும், மின் அதிர்ச்சி கொடுத்தால் கூடும் என்று கருவி விற்க வருபவர்கள் உண்டு. அளந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் அந்தக் கருவி இல்லாமல் ஒரு தட்டு வைத்து ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். போஸ் வாழ்நாள் முழுதும் செய்தது அதைத்தான்.

கடைசிக் காலம்

1915இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30, தன் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். தன் சேமிப்பையும், மக்கள் கொடுத்த நன்கொடையையும் அதில் போட்டார். அங்கே கண்டுபிடிப்பவை எல்லோருக்கும் பொது, யாரும் காப்புரிமை எடுத்துப் பூட்டி வைக்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி. டார்ஜிலிங்கிலும், கங்கைக் கரையில் பால்டாவிலும் செடிகளை வளர்த்துச் சோதிக்க இடம் வைத்தார். 1937 நவம்பர் 23 அன்று கிரிதி என்ற ஊரில் காலமானார். இன்னும் ஏழு நாளில் 79 வயது நிறைந்திருக்கும். அபலா 1951 வரை இருந்து அவர் தொடங்கிய பணிகளைக் கவனித்தார். அந்த நிலையம் இன்றும் நடக்கிறது.

நீங்கள் இந்த வாரம் செய்யக் கூடியது இவ்வளவுதான். ஒரே ஒரு தட்டு, ஒரு நல்ல விளக்கு, ஒரு டைமர், ஒரு ஆர்.சி.சி.பி. ஒரு நோட்டில் விளக்குப் போட்ட நேரம், அறையின் வெப்பம், மீட்டரில் ஓடிய யூனிட், அறுவடை எடை, விற்ற விலை எல்லாவற்றையும் இரண்டு மாதம் எழுதுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ, திருவள்ளூர் மாவட்டம் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்ப் பேசுங்கள். இரண்டாவது தட்டு வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள், ஊரில் யாராவது விளக்குப் போட்டிருந்தால், விளைச்சலைப் பார்க்கும் முன் ஒரு முறை ஆர்.சி.சி.பி. பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.